3 லட்சத்துக்குப் பழைய கார்... முதல் வருட வொர்க்‌ஷாப் பில் எவ்வளவு? வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு!

சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்தது. அதுவரை 28 சதவீத வரி, அதற்கு மேல் செஸ் வேறு. புதுக் கார் விலை இறங்கினால் பழைய கார் விலை மட்டும் அப்படியே நிற்குமா? ஆட்டோ கன்சல்டிங் கடைகளிலும் ஆன்லைன் தளங்களிலும் 8, 10 வருடம் ஓடிய கார்களுக்குப் பேரம் பேச இப்போது நல்ல வாய்ப்பு இருக்கிறது.

ஒரு காலத்தில் 8 லட்சம், 10 லட்சம் கொடுத்து வாங்கிய செடான், இன்று 3 லட்சத்துக்கு நிற்கிறது. "சூப்பர் கண்டிஷன் சார், ஒரு ரூபா செலவு இல்ல, சாவியைப் போட்டு எடுத்துட்டுப் போக வேண்டியதுதான்" என்கிறார் விற்பவர். முதல் கார் வாங்க நினைக்கும் ஐடி ஊழியருக்கோ, கைக்குழந்தை உள்ள இளம் தம்பதிக்கோ இது பெரிய ஈர்ப்பு.

ஆனால், 10 வயது காரின் உண்மையான விலை கண்ணாடியில் ஒட்டியிருக்கும் எண்ணில் இல்லை. அது என்ன, எப்படிக் கணக்குப் போடுவது? பார்ப்போம்.

வண்டி விலை இறங்கும்... பார்ட்ஸ் விலை இறங்குமா?

இறங்காது. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

புதிதாக 12 லட்சத்துக்கு விற்ற ஒரு கார், 10 வருடம் கழித்து 3 லட்சத்துக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டியின் விலை நான்கில் ஒரு பங்காகிவிட்டது. ஆனால் அதன் ஹெட்லைட், கிளட்ச் செட், ஏசி கம்ப்ரஸர், ஸ்டீரிங் ரேக் எல்லாம் இன்னமும் 12 லட்ச ரூபாய் காரின் பார்ட்ஸ்தான். பார்க்கப்போனால், 10 வருடத்தில் அவற்றின் விலை ஏறித்தான் இருக்கும். மெக்கானிக் கூலியும் அப்படியே.

அதாவது, நீங்கள் 3 லட்ச ரூபாய் காரை வாங்கவில்லை. 12 லட்ச ரூபாய் காரின் பராமரிப்புச் செலவை 3 லட்சம் கொடுத்து வாங்குகிறீர்கள்.

அதே 3 லட்சத்துக்குக் கிடைக்கும் வேகன்ஆர், பழைய ஐ10 போன்ற கார்கள் பார்க்க அவ்வளவு கெத்தாக இருக்காது. ஆனால் அவற்றின் பார்ட்ஸ் சின்ன ஊர் கடையிலும் கிடைக்கும். கைவைக்காத மெக்கானிக்கே இல்லை எனலாம். பழைய கார் சந்தையில் சில கார்கள் மட்டும் 'சீப்'பாகக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். வரப்போகும் ரிப்பேர் செலவைச் சந்தை முன்கூட்டியே விலையில் கழித்துவிட்டது.

சரி, 10 வயதுக் காரில் என்னென்ன போகும்?

ரிப்பேர்களை மூன்றாகப் பிரித்துக்கொள்வது நல்லது. கீழே உள்ள தொகைகள், தமிழக நகரங்களில் ஓரளவு நம்பகமான தனியார் வொர்க்‌ஷாப்பில் சிறிய, நடுத்தர கார்களுக்கு ஆகும் தோராயமான செலவு. மாடலுக்கு மாடல் மாறும். கம்பெனி சர்வீஸ் சென்டர் என்றால் இன்னும் கூடும்.

*முதல் வகை: தேய்மானம். இது குறையல்ல, கட்டாயம் வரும்.*

• டயர் 4: சிறிய கார்களுக்கு ரூ.12,000 முதல் ரூ.20,000 வரை. பட்டன் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். டயர் பக்கவாட்டில் 4 இலக்க எண் இருக்கும். 1819 என்றால் 2019-ம் ஆண்டின் 18-வது வாரத்தில் தயாரானது. ஆறேழு வருடம் ஆன டயர், பட்டன் இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும்.

• பேட்டரி: பெட்ரோல் காருக்கு ரூ.4,000 - 6,000. டீசலுக்கு ரூ.6,000 - 8,500.

• பிரேக் பேட், பின்பக்க ஷூ: ரூ.3,000 - 6,000. டிஸ்க்கும் தேய்ந்திருந்தால் கூடும்.

• சஸ்பென்ஷன்: நம்மூர் ஸ்பீடு பிரேக்கர்களும் பள்ளங்களும் முதலில் பதம் பார்ப்பது இதைத்தான். லோயர் ஆர்ம், லிங்க் ராடு, புஷ், முன்பக்க ஷாக் அப்சார்பர் என்று மொத்தமாக மாற்றினால் ரூ.10,000 முதல் ரூ.25,000 வரை.

• கிளட்ச் செட்: சிறிய பெட்ரோல் காருக்குக் கூலியோடு ரூ.6,000 - 10,000. டீசலுக்கு ரூ.12,000 - 20,000.

*இரண்டாவது வகை: கவனிக்காமல் விட்டதால் வருவது.*

• கூலிங் சிஸ்டம்: கூலன்ட்டுக்குப் பதிலாகப் பல வருடம் போர் தண்ணியை ஊற்றி ஓட்டிய வண்டிகள் நிறைய உண்டு. உப்பு படிந்து ரேடியேட்டர் அடைக்கும், வாட்டர் பம்ப் போகும். இந்தக் கட்டத்தில் கவனித்தால் ரூ.5,000 - 12,000. கவனிக்காமல் ஓட்டி இன்ஜின் சூடேறினால் ஹெட் கேஸ்கெட் போய், ஹெட் வளைந்து, பில் ரூ.20,000-ஐத் தாண்டிவிடும்.

• ஏசி: "கேஸ் மட்டும் போட்டா போதும் சார்" என்பது பழைய கார் விற்பனையில் அடிக்கடி கேட்கும் வசனம். கேஸ் தானாகத் தீராது. எங்கேயோ லீக் இருக்கிறது. கூலிங் காயிலில் லீக் என்றால் பல கார்களில் டேஷ்போர்டையே கழற்ற வேண்டும், ரூ.6,000 - 12,000. கம்ப்ரஸர் போயிருந்தால் ரூ.12,000 - 25,000.

• ஸ்டீரிங் ரேக்: பழைய ஹைட்ராலிக் வகை என்றால் சில ஆயிரங்களில் சரிசெய்துவிடலாம். எலெக்ட்ரிக் பவர் ஸ்டீரிங் யூனிட்டே போனால் ரூ.25,000-க்கு மேல் போகலாம்.

• துரு: சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஓடிய வண்டிகளில் கதவின் அடிவிளிம்பு, வீல் வளைவு, அடித்தளம் ஆகியவற்றைப் பாருங்கள். பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் துரு மறையும், போகாது.

*மூன்றாவது வகை: பர்ஸைக் காலி செய்வது.*

• சிறிய பெட்ரோல் இன்ஜினைப் பிரித்துப் புதுப்பிக்க ரூ.40,000 - 70,000. டீசல் இன்ஜின் என்றால் ஒரு லட்சத்தை எட்டலாம், தாண்டவும் செய்யலாம்.

• டீசல் காரின் டர்போ, இன்ஜெக்டர், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆகியவையும் இதே வகைதான். இவற்றைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

டீசல் காரா? லாபக் கணக்கு எங்கே மாறுகிறது?

மாருதி ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், எர்டிகா, டாடா விஸ்டா, ஃபியட் புன்டோ... இவற்றின் டீசல் மாடல்களில் பெரும்பாலானவற்றில் ஓடியது ஒரே இன்ஜின்தான். ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட். நல்ல மைலேஜ், நல்ல இழுவை. பல கார்களில் ஓடியதால் பார்ட்ஸும் தாராளம்.

ஆனால் இதில் டைமிங் செயின் விஷயத்தில் கவனம் வேண்டும். ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்ட வண்டிகளில் செயின் தளரும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் 'கரகர'வென்று ஒரு சத்தம் வரும். அப்போதே செயின் கிட் மாற்றினால் ரூ.12,000 - 20,000-ல் முடிந்துவிடும். ஓடும்போது அறுந்தால் வால்வுகள் வளைந்து, செலவு பல மடங்காகிவிடும்.

ரெனோ டஸ்டர் டீசல், ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட் டீசல் போன்றவற்றில் செயினுக்குப் பதில் டைமிங் பெல்ட். ரப்பர் பெல்ட் என்பதால் கம்பெனி சொன்ன கிலோமீட்டர் அல்லது வருடக் கணக்கில் மாற்றியே ஆக வேண்டும். மாற்றியதற்கு பில் இருக்கிறதா என்று கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு, ரூ.10,000 - 18,000-ஐ விலையில் கழித்துப் பேசுங்கள்.

அடுத்தது இன்ஜெக்டர். புதிது ஒன்றுக்கே ரூ.12,000 - 20,000 ஆகும். நான்கும் போனால்? ரீகண்டிஷன் செய்தால் பாதிக்கும் குறைவாக முடியும். ஆனால் ஆயுளும் அதற்கேற்பத்தான். டர்போ புதிதாகப் போட்டால் ரூ.25,000 - 50,000.

பெட்ரோலுக்கும் டீசலுக்கும் விலை வித்தியாசம் அதிகமாக இருந்த காலத்தில் இந்தச் செலவை மைலேஜ் ஈடுகட்டியது. இன்று அந்த இடைவெளி வெகுவாகக் குறைந்துவிட்டது. தினமும் நீண்ட தூரம் ஓட்டாதவருக்குப் பழைய டீசல் காரில் மிச்சம் பிடிப்பது கஷ்டம். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தபோது மாருதி டீசல் கார் விற்பனையையே நிறுத்தியது நினைவிருக்கலாம்.

ஆட்டோமேட்டிக் சீப்பா கிடைச்சா?

'ஏன் சீப்?' என்று முதலில் கேளுங்கள். ஆட்டோமேட்டிக்கிலும் வகைகள் உண்டு.

ஏஎம்டி என்பது சாதாரண கியர்பாக்ஸ்தான். கிளட்சை நம் காலுக்குப் பதில் ஒரு ஆக்சுவேட்டர் இயக்குகிறது. அது போனால் ரூ.25,000 - 50,000 ஆகலாம். கையோடு கிளட்சும் மாற்ற வேண்டி வரும்.

இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் வேறு கதை. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களில் வந்த 7 கியர் டிஎஸ்ஜியில் 'மெக்கட்ரானிக்' எனப்படும் கட்டுப்பாட்டு யூனிட் போவது உலகம் முழுக்கத் தெரிந்த பிரச்சினை. புதிய யூனிட் போட்டால் பில் லட்சத்தைத் தாண்டும். ஃபோர்டின் பவர்ஷிஃப்ட் கியர்பாக்ஸும் வெளிநாடுகளில் வழக்குகள் வரை போன ஒன்று.

டெஸ்ட் டிரைவில் நெரிசலான சாலையில் குறைந்தது 20 நிமிடம் ஓட்டுங்கள். மெதுவாக நகரும்போது வெட்டி வெட்டி இழுக்கிறதா, ரிவர்ஸ் விழ நேரமாகிறதா, கியர் காட்டும் இடத்தில் எச்சரிக்கை மின்னுகிறதா என்று பாருங்கள். ஏதாவது ஒன்று இருந்தால், "அது ஒண்ணுமில்ல சார், சாஃப்ட்வேர் அப்டேட்" என்ற பதிலை நம்ப வேண்டாம்.

கம்பெனியே போய்விட்ட காரை வாங்கலாமா?

செவர்லே பிராண்டை விற்ற ஜெனரல் மோட்டார்ஸ் 2017 இறுதியில் இந்தியாவில் கார் விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பிலிருந்து விலகுவதாக அறிவித்தது. சென்னையை அடுத்த மறைமலை நகர் ஆலையில் தயாரான ஈக்கோஸ்போர்ட்டுகள் இன்னும் நம் சாலைகளில் ஏராளம்.

அந்த ஆலையில் மீண்டும் முதலீடு செய்யப்போவதாக 2025 அக்டோபர் இறுதியில் ஃபோர்டு அறிவித்தது. ரூ.3,250 கோடியில், 2029 முதல் புதிய வகை இன்ஜின்கள் அங்கே தயாராகும். 'அப்போ ஈக்கோஸ்போர்ட் பார்ட்ஸ் ஈஸியா கிடைக்குமே?' என்று நினைத்தால் அது தவறு. புதிய இன்ஜின்கள் ஏற்றுமதிக்கானவை. பழைய கார்களின் பார்ட்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இப்படிப்பட்ட கார்களில் ஒரு பொதுவான வேறுபாட்டைக் கவனிக்கலாம். ஃபில்டர், பிரேக் பேட், கிளட்ச் போன்ற ஓடும் பார்ட்ஸ் பெரும்பாலும் வெளிச்சந்தையில் கிடைத்துவிடும். சிக்கல் பாடி பார்ட்ஸில்தான். பம்பர், ஹெட்லைட், கதவு, டேஷ்போர்டு போன்றவை அந்தந்த மாடலுக்கே உரியவை. ஃபியட் புன்டோவுக்கு இன்ஜின் பார்ட்ஸ் எளிதாகக் கிடைப்பது ஸ்விஃப்ட்டிலும் அதே இன்ஜின் இருந்ததால். ஆனால் அதன் ஹெட்லைட் உடைந்தால் சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய பார்ட்ஸ் கடைகளில் தேடித்தான் ஆக வேண்டும். வண்டி வாரக்கணக்கில் ஷெட்டில் நிற்கலாம். வீட்டில் வேறு கார் இருந்தால் பரவாயில்லை. இருப்பதே அது ஒன்றுதான் என்றால் யோசியுங்கள்.

இ20 பெட்ரோல் பழைய காரைக் கெடுக்குமா?

20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் இன்று நாடு முழுவதும் பங்குகளில் கிடைக்கிறது. 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார்களில் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள் இதைத் தாங்கும்படி வருகின்றன. நாம் பேசும் 10 வயதுக் கார் அதற்கு முந்தையது.

மத்திய பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் அளித்த விளக்கத்தின்படி, மைலேஜ் குறைவு இ10-க்கு வடிவமைத்து இ20-க்கு ஏற்பச் சரிசெய்த கார்களில் 1 - 2 சதவீதம், மற்ற கார்களில் 3 - 6 சதவீதம். சில பழைய வாகனங்களில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டருக்குப் பிறகு ரப்பர் பாகங்கள், கேஸ்கெட்டுகளை மாற்ற வேண்டியிருக்கலாம் என்றும் அமைச்சகமே சொன்னது. இ20-ஐ எதிர்த்த பொதுநல மனுவை 2025 செப்டம்பர் 1-ம் தேதி உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. ஆகவே, 'பழைய பெட்ரோலே வேணும்' என்று காத்திருப்பதில் பயனில்லை.

நடைமுறையில் செய்ய வேண்டியது எளிது. வாங்கியதும் ஃபியூல் ஹோஸ்களைப் பார்க்கச் சொல்லுங்கள், வெடித்திருந்தால் மாற்றுங்கள். எத்தனால் தண்ணீரை ஈர்க்கும் என்பதால், வண்டியை மாதக்கணக்கில் அரை டேங்க்கோடு நிறுத்தி வைக்காதீர்கள். பெட்ரோல் வாசனை வந்தால் அலட்சியம் கூடவே கூடாது.

வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

2015 டிசம்பரில் சென்னை, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மீண்டும் சென்னை, அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி. இந்த வெள்ளங்களில் மூழ்கிய கார்கள் எல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடவில்லை. கழுவித் துடைத்து, சீட் கவர் மாற்றி விற்பனைக்கு வருவதும் உண்டு. தண்ணீர் புகுந்த வண்டியின் வயரிங்கும் கம்ப்யூட்டரும் ஒரு வருடம் கழித்துக்கூடக் காலை வாரும்.

சீட் பெல்ட்டை முழுதாக வெளியே இழுங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கறை தெரியும். தரை விரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். ஸ்டெப்னி வைக்கும் குழியில் மண், சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டுகளில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் விவரம், கம்பெனி சர்வீஸ் ரெக்கார்டு ஆகியவற்றையும் கேளுங்கள்.

பேப்பர் செலவு என்னென்ன?

• *எஃப்சி:* சொந்தப் பயன்பாட்டுக் காரின் ஆர்சி 15 வருடம் செல்லும். அதன்பின் 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கட்டணம் ரூ.5,000. 20 வருடம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் இது ரூ.10,000 ஆக்கப்பட்டது. பசுமை வரி தனி. அதைவிடப் பெரிய செலவு, எஃப்சி காட்டுவதற்காகச் செய்யும் டிங்கரிங், பெயின்டிங், டயர். 14 வயதுக் கார் திடீரென மலிவாக வந்தால் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

• *வெளிமாநில வண்டி:* டெல்லியில் 10 வருட டீசல், 15 வருட பெட்ரோல் வாகனங்களுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் அங்கிருந்து பழைய கார்கள் மற்ற மாநிலங்களுக்கு வருகின்றன. தமிழகத்தில் அந்த வயது வரம்பு இல்லை. ஆனால் என்ஓசி வாங்கி, இங்கே சாலை வரி கட்டி, மறுபதிவு செய்ய வேண்டும். இந்தச் செலவைச் சேர்க்காமல் 'டெல்லி ரேட்டு' என்று பேசுவது அர்த்தமற்றது.

• *ஜிஎஸ்டி:* தனிநபரிடமிருந்து தனிநபர் வாங்கினால் ஜிஎஸ்டி இல்லை. பதிவு பெற்ற டீலர் விற்றால், அவருடைய லாபத்தின் மீது மட்டும் 18 சதவீதம். 2.5 லட்சத்துக்கு வாங்கி 3 லட்சத்துக்கு விற்கிறார் என்றால் வரி 50,000-க்குத்தான், ரூ.9,000. முழு விலைக்கும் 18 சதவீதம் என்று ரூ.54,000 கேட்டால் கொடுக்காதீர்கள்.

• *இன்ஷூரன்ஸ்:* ஆர்சி மாறியதும் 14 நாட்களுக்குள் பாலிசியையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பழைய உரிமையாளரின் நோ க்ளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது. 10 வயதுக் காருக்கு 'ஜீரோ டெப்' கிடைப்பது அரிது. அது இல்லாமல் க்ளெய்ம் செய்தால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களில் பாதி விலை உங்கள் பையிலிருந்து போகும். 10 வயதைத் தாண்டிய காரில் உலோகப் பாகங்களுக்கும் 50 சதவீதம் கழிவு.

ஐடிவி குறைந்துகொண்டே போகும், பார்ட்ஸ் விலை குறையாது என்பதால் இன்னொரு சிக்கலும் உண்டு. ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது 'டோட்டல் லாஸ்' கணக்கு. புதுக் காரில் சாதாரண ரிப்பேராக முடிந்திருக்கும் விபத்து, பழைய காரின் ஆயுளையே முடித்துவிடலாம்.

மொத்தமாக ஒரு மாதிரிக் கணக்கு

2015 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். 85,000 கி.மீ. ஓடியது. பேசி முடித்த விலை ரூ.3 லட்சம். பெரிய குறை எதுவும் இல்லாத, ஆனால் தேய்மான வேலைகளை முந்தைய உரிமையாளர் தள்ளிப்போட்ட வண்டி என்று வைத்துக்கொள்வோம்.

• ஃபுல் சர்வீஸ் (ஆயில், ஃபில்டர், பிளக், கூலன்ட், பிரேக் ஆயில்): ரூ.7,000
• டயர் 4: ரூ.16,000
• பேட்டரி: ரூ.5,000
• சஸ்பென்ஷன்: ரூ.14,000
• கிளட்ச்: ரூ.9,000
• பிரேக்: ரூ.4,000
• ஏசி லீக், கேஸ்: ரூ.5,000
• ஆர்சி மாற்றம், இன்ஷூரன்ஸ்: ரூ.10,000

மொத்தம் ரூ.70,000. மாதத்துக்குப் பார்த்தால் கிட்டத்தட்ட ரூ.5,800. கண்ணுக்குத் தெரியாத ஒரு இஎம்ஐ. லோன் போட்டு வாங்கினால் உண்மையான இஎம்ஐ தனி. அதிலும் பழைய கார் லோனுக்கு வட்டி பொதுவாகப் புதுக் காரைவிட அதிகம்.

ஆக, இது 3 லட்ச ரூபாய் கார் அல்ல, 3.70 லட்ச ரூபாய் கார். ஜிஎஸ்டி குறைந்தபோது மாருதி அறிவித்த ஆல்டோ கே10 ஆரம்ப எக்ஸ் ஷோரூம் விலையும் ஏறக்குறைய இதேதான். சாலை வரி, இன்ஷூரன்ஸ் சேர்த்தால் புதுக் கார் 4 லட்சத்தைத் தாண்டும் என்பது உண்மை. ஆனால் அதில் வாரன்ட்டி உண்டு, 6 ஏர்பேக் உண்டு. 2019-க்கு முந்தைய பல கார்களின் பேஸ் மாடல்களில் ஏபிஎஸ்ஸும் ஏர்பேக்கும் இருக்காது. எல்லாக் கார்களுக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது 2019 ஏப்ரலில். டிரைவர் ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலையில்.

இடவசதி, டிக்கி, நெடுஞ்சாலையில் நிதானம் போன்றவற்றில் ஒரு நல்ல பழைய கார் ஜெயிக்கும். நான்கு பேர் அடிக்கடி ஊருக்குப் போகும் குடும்பம் என்றால் அதற்கு அர்த்தம் இருக்கிறது. ஆபீஸுக்கும் வீட்டுக்கும் மட்டும் என்றால் சிறிய புதுக் காரையும் ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

பார்க்கப் போகும்போது என்ன செய்யணும்?

1. "நான் வர்ற வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போங்கள். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், எதையோ மறைக்க முன்பே ஓட்டியிருக்கலாம். சந்தேகம் இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள்.

2. புகையைப் பாருங்கள். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. இன்ஜின் சூடான பிறகும் அடர்த்தியாக வெள்ளைப் புகை வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. டீசலில் கரும்புகை தொடர்ந்து வந்தால் இன்ஜெக்டரையோ டர்போவையோ சந்தேகிக்கலாம்.

3. இன்ஜின் ஓடும்போது மெக்கானிக்கை விட்டு ஆயில் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். புகை குப்குப்பென்று அடித்தால் அதைத்தான் 'பேக் கம்ப்ரஷன்' என்பார்கள். இன்ஜின் வேலை நெருங்குகிறது. மூடிக்கு அடியில் பால் காபி நிறத்தில் கொழகொழப்பு இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்க வாய்ப்புண்டு.

4. ஸ்கேனர் போடச் சொல்லுங்கள். சாவியைத் திருப்பியதும் செக் இன்ஜின், ஏர்பேக், ஏபிஎஸ் விளக்குகள் எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைப் பிடுங்கியிருக்கலாம்.

5. மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். 50,000 கி.மீ. காட்டும் வண்டியில் பெடல் ரப்பரும் ஸ்டீரிங்கும் வழுவழுவென்று தேய்ந்திருந்தால் கணக்கு உதைக்கிறது. கம்பெனி சர்வீஸ் ரெக்கார்டில் கடைசியாகப் பதிவான கிலோமீட்டரோடு ஒப்பிடுங்கள்.

6. பரிவாகன் தளத்தில் ஆர்சி, லோன் பாக்கி, நிலுவைச் சலான் ஆகியவற்றைப் பாருங்கள். சேசிஸ் எண்ணைக் கொண்டு ரீகால் பாக்கி இருக்கிறதா என்று கார் கம்பெனியின் தளத்தில் பார்க்கலாம். ஹோண்டா கார்களில் டகாட்டா ஏர்பேக் மாற்றம் போன்ற வேலைகள் இலவசம்.

7. விற்பவருக்கு வேண்டிய மெக்கானிக் வேண்டாம். அந்த மாடலைத் தினமும் பார்க்கும் வேறு ஒரு மெக்கானிக்குக் கூலி கொடுத்து அழைத்துப் போங்கள். ஆயிரம், இரண்டாயிரம் செலவாகும். மொத்தக் கணக்கில் மிகவும் லாபமான செலவு இதுதான்.

எப்போது 'வேண்டாம்' என்று சொல்வது?

தேய்மான வேலை எவ்வளவு இருந்தாலும் பயப்பட வேண்டாம். டயர், சஸ்பென்ஷன், கிளட்ச் எல்லாம் விலையில் கழித்துப் பேசக்கூடியவை. மாற்றிவிட்டால் அடுத்த சில வருடத்துக்குக் கவலை இல்லை.

இன்ஜின் சூடேறிய அடையாளம், கியர்பாக்ஸ் உதறல், வெள்ளச் சேறு, வளைந்து ஒட்டிய சேசிஸ், தெளிவில்லாத ஆர்சி ஆகிய ஐந்தில் ஒன்று இருந்தாலும் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காதீர்கள். அவற்றின் செலவுக்கு மேல் வரம்பு கிடையாது.

பட்ஜெட்டையும் அப்படியே பிரித்துக்கொள்ளுங்கள். கையில் 3 லட்சம் இருந்தால், 3 லட்சத்துக்குக் கார் தேடாதீர்கள். 2.4 லட்சத்துக்குத் தேடுங்கள். மீதி 60,000-ஐ வொர்க்‌ஷாப்புக்கு ஒதுக்கி வையுங்கள். முதல் வருடம் முடிந்தும் அதில் பணம் மிச்சம் இருந்தால், நீங்கள் நல்ல வண்டி வாங்கியிருக்கிறீர்கள்.